ஐந்து விமானம், 84 சதவீதம்: அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கமுள்ள டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விமான நிறுவனம் ஒன்றை நாமே நடத்துகிற கணினி ஆட்டம் ஒன்றை ஆடுகிறார். ஆட்டத்துக்குள் நேரம் நம் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வார அட்டவணை போட வேண்டும். விமானம் தரையில் சும்மா நிற்கும் நேரத்தில் பராமரிப்பு தானாக நடந்துகொள்ளும். டர்பனைத் தளமாக வைத்து ஐந்து போயிங் 737-800 விமானங்கள் வாங்கியிருக்கிறார். அதில் இரண்டு, பகலெல்லாம் ஜோஹன்னஸ்பர்க் (நம் பேச்சில் ஜோபர்க்) போய் வந்து, இரவில் மொரிஷியஸும் போய் வருகின்றன. அந்த இரண்டின் பராமரிப்பு விகிதம், அதாவது தேவையான பராமரிப்பில் கிடைக்கிற பங்கு, 84 சதவீதம். விமானத்தின் நிலை 100இலிருந்து 71க்கு இறங்கிவிட்டது. முதலில் தாமதம், இப்போது ரத்து. “ஒரு விமானம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் பறக்கலாம்?” என்பது கேள்வி.

தம்பி, நான் அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நாள்தான் ஆடினேன். ஆனால் ஜோபர்க் விமான நிலையத்தை ஒட்டிய கெம்ப்டன் பார்க்கில், விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற ஓர் அலுவலகத்தில், 19 வருடம் இதே வேலைதான் பார்த்தேன். எந்த விமானம் எங்கே இரவு தங்கும், எது எப்போது ஹேங்கர் என்கிற பராமரிப்புக் கொட்டகைக்குள் போகும் என்று கட்டம் போடுகிற வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறீர்கள். எத்தனை மணி பறக்கலாம் என்று தொடங்கினால் 84இல்தான் போய் நிற்பீர்கள். எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று தொடங்குங்கள். முதலில் இரவை எழுதுங்கள், அப்புறம் பகலை.

நீங்கள் அனுப்பிய அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். காலை 6:05க்கு மொரிஷியஸிலிருந்து டர்பன் வந்து இறங்குகிறது. 25 நிமிடம் கழித்து 6:30க்கு ஜோபர்க் கிளம்புகிறது. ஒரு வழிக்கு 1 மணி 10 நிமிடம், நடுவில் 25 நிமிடம், இப்படி எட்டு நடை. கடைசி நடை 18:45க்கு டர்பனில் முடிகிறது. 21:20க்கு மறுபடி மொரிஷியஸ். கூட்டிப் பாருங்கள், வானில் மட்டும் 17 மணி 15 நிமிடம். பத்து முறை தரையிறக்கம். அந்த விமானத்துக்கு நாள் முழுவதும் கிடைக்கிற ஒரே ஓய்வு 18:45 முதல் 21:20 வரை. அது எப்படிப்பட்ட நேரம்? ஜோபர்க்கில் கூட்டம் முடித்தவர்கள் எல்லாம் வீடு திரும்ப இடம் தேடுகிற நேரம். டிக்கெட் நல்ல விலைக்குப் போகும்போது விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு, பகல் பதினொரு மணிக்குப் பாதிக் காலியாகப் பறக்க விட்டிருக்கிறீர்கள். பராமரிப்பும் போச்சு, வருமானமும் போச்சு.

அந்த மொரிஷியஸ் இரவு நடையைக் கவனித்தீர்களா? அங்கே கடிகாரம் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். நம் கணக்கில் 1:10க்குப் போய்ச் சேர்கிற விமானம் அவர்கள் கணக்கில் 3:10க்கு இறங்குகிறது. பிள்ளை குட்டியோடு கடற்கரைக்குப் போகிற குடும்பம், விடுதி அறை மதியம்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கச் சம்மதிக்குமா? விலையைக் குறைத்துத்தான் நிரப்பியிருப்பீர்கள். அதைப் பகல் நடையாக மாற்றுங்கள். 9:00க்குக் கிளம்பினால் அவர்கள் நேரத்தில் 14:50க்கு இறங்கும். ஒரு மணி நேரம் நின்று, 15:50க்குக் கிளம்பி, நம் நேரத்தில் 17:55க்கு டர்பன் வந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு ஜோபர்க் நடை போய்வரப் பொழுது இருக்கிறது. 18:40க்குப் போய் 21:40க்குத் திரும்பலாம். இதைச் செய்கிற விமானம் அன்று நான்கே முறைதான் தரையிறங்கும். இரவு 21:40 முதல் மறுநாள் காலை வரை அசையாமல் நிற்கும்.

தரையிறக்கத்தை ஏன் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன் என்றால், புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் பறக்கும் மணியை மட்டுமே எண்ணுகிறார்கள். விமானத்தைத் தேய்ப்பது மணி மட்டும் இல்லை. சக்கரம், பிரேக், இறங்கு கால்கள் இவையெல்லாம் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தேயும். உடற்கூடு ஒவ்வொரு நடைக்கும் ஒரு முறை உள்காற்றால் உப்பி, இறங்கியதும் தளர்கிறது. இதற்கு எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ஹவாயின் அலோஹா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 243 எண் விமானப் பயணம். 1988 ஏப்ரல் 28 அன்று, நடுவானில் 737-200 ஒன்றின் கூரை முன்பக்கம் அப்படியே பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் அதை எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். அந்த விமானம் பறந்தது 35,496 மணி நேரம்தான். ஆனால் நடைகள் 89,680. ஒரு நடைக்குச் சராசரி 24 நிமிடம்கூட வரவில்லை. தீவுக்குத் தீவு தாவிக்கொண்டே இருந்த விமானம், அதுவும் உப்புக் காற்றில். மணியை மட்டும் பார்த்தவருக்கு அது நடுவயது விமானமாகத் தெரிந்திருக்கும், நடையை எண்ணியவருக்குக் கிழவி. டர்பன்–ஜோபர்க் 500 கிலோமீட்டருக்குள் அடங்குகிற குறுநடை. உங்கள் ஆட்டம் நடைக்கும் சேர்த்துத் தேய்மானம் கணக்கிடுகிறதா என்று விதிப்பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். கணக்கிடுகிறது என்றால், குறுநடையை மட்டும் அடுக்குகிற விமானத்துக்கு விகிதம் ஏன் வேகமாகச் சரிகிறது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

சரி, ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும்? ஒரு விமானத்தின் ஒரு நாள் ஓட்டத்தை ஒரு வரிசை என்போம்; முதல் வரிசை என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். 6:00 டர்பன், 7:10 ஜோபர்க், 7:50க்குத் திரும்பி 9:00 டர்பன். 9:40க்குக் கேப் டவுன். போக 2 மணி 20 நிமிடம், மேற்கிலிருந்து காற்று எதிரே அடிக்கும். 12:00க்கு இறங்கி, 12:40க்குக் கிளம்பி, அதே காற்று பின்னால் தள்ள 14:45க்கே டர்பன். இங்கே 40 நிமிடம் போதும், ஆனால் 65 நிமிடம் கொடுங்கள். 15:50க்கு ஜோபர்க், 18:50க்குத் திரும்பி வரும். 19:30க்கு இன்னொரு முறை போய் 22:30க்கு வீடு. மொத்தம் எட்டு நடை, வானில் 11 மணி 25 நிமிடம், இரவு ஏழரை மணி நேரம் தரையில். குறுநடை ஓட்டுகிற 737க்கு இது நிஜ உலகிலும் வெட்கப்படாத கணக்கு.

மதியம் கூடுதலாகக் கொடுத்த அந்த 25 நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. என் முதல் வருடத்தில் நானும் மதிக்கவில்லை, கட்டத்தில் வெள்ளை இடம் தெரிந்தால் கை அரிக்கும். ஆனால் காலையில் 20 நிமிடம் தாமதமான விமானம் அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டே எட்டு நடையும் போகும். நடுவில் இறக்கிவைக்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணையை எங்கே கட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஜோபர்க்கில் மாலையானால் இடி மின்னல். மின்னல் பக்கத்தில் வந்துவிட்டால் தரைப் பணியாளர்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள், பெட்டியும் ஏறாது, எரிபொருளும் ஏறாது. அதற்கு முன்னால், மதியமே, கையில் கொஞ்சம் நேரம் இருக்க வேண்டும். உங்கள் ஆட்டத்தில் இடி இடிக்காமல் இருக்கலாம். ஆனால் நிலை 71இல் இருக்கும் விமானம் கோளாறால் தாமதிக்கும், அதற்கும் இதே மருந்துதான்.

கோயிலில் அன்னதானத்துக்கு நின்று பார்த்திருப்பீர்கள். ஆடி மாதக் கஞ்சியோ ஈஸ்டர் வார மாரியம்மன் பூசையோ, இருப்பது ஐந்து அண்டாதான். எல்லா அண்டாவையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் முதல் பந்தி ஜோராக நடக்கும். இரண்டாம் பந்திக்குக் கழுவிய அண்டா ஒன்றுகூட இருக்காது. என் மாமியார் ஒரு அண்டாவை எப்போதும் கவிழ்த்தே வைத்திருப்பார், யார் கேட்டாலும் தர மாட்டார்.

உங்கள் ஐந்தாம் வரிசை அந்தக் கவிழ்த்த அண்டா. 6:00க்கு ஜோபர்க் போய் 9:00க்குத் திரும்பட்டும், காலைக் கூட்டத்தை விட மனம் வராது. பிறகு 16:00 வரை டர்பனில் நிற்கட்டும். 16:00க்குப் போய் 19:00க்குத் திரும்பி, அதோடு படுத்துவிடட்டும். பகலில் ஏழு மணி நேரம், இரவில் பதினொரு மணி நேரம். இரண்டு கூட்ட நேரத்திலும் பறந்தாயிற்று, விட்டது எல்லாம் ஆள் இல்லாத நேரம். ஆட்டத்தில் விமானம் மாற்ற வழி இருந்தால், பகலில் வேறு எதுவாவது பழுதாகி நிற்கும்போது கைகொடுக்கவும் இதுவே ஆகும்.

முதல் வரிசையையும் ஐந்தாம் வரிசையையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். மொரிஷியஸ் நடையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நான்கும் உங்கள் விருப்பம். ஒரே நிபந்தனை: எல்லா வரிசையும் டர்பனில் தொடங்கி டர்பனிலேயே முடிய வேண்டும். காரணம் இருக்கிறது. ஒரே விமானத்துக்கு எப்போதும் ஒரே வரிசையைக் கொடுக்காதீர்கள், நாளுக்கு ஒரு வரிசை நகர்த்துங்கள். திங்களன்று முதல் வரிசை ஓடியது செவ்வாயன்று இரண்டாவது, புதனன்று மூன்றாவது. ஐந்து முடிந்ததும் மறுபடி ஒன்று. ஞாயிறு இரவு எது எந்த வரிசையில் முடித்தாலும் எல்லாம் டர்பனில்தான் படுத்திருக்கும் என்பதால், திங்களன்று பழையபடி தொடங்குவதில் சிக்கலே வராது.

இதில் ஒரு சின்ன விசேஷம். வாரத்துக்கு நாள் ஏழு, வரிசை ஐந்து. ஆகவே இரண்டு விமானங்களுக்கு மட்டும் ஓய்வு வரிசை வாரத்தில் இரண்டு முறை வரும், மற்ற மூன்றுக்கு ஒரு முறைதான். எந்த இரண்டு? திங்களன்று நான்காவதிலோ ஐந்தாவதிலோ தொடங்குகிறவை. உங்களிடம் 71இல் தவிக்கும் அந்த இரண்டையும் அங்கே உட்கார வையுங்கள். பிற்காலத்தில் எவை வயதானவையோ அவை அந்த இடத்துக்கு வரட்டும்.

சனிக்கிழமையைத் தனியாகப் பாருங்கள். அலுவலகக்காரர்கள் பறக்க மாட்டார்கள். வெள்ளி மாலை கூட்டம், ஞாயிறு மாலை கூட்டம், நடுவில் சனி மதியம் முழுக்க அசடு வழியும். முதல் வரிசையின் கடைசி ஜோபர்க் நடையைச் சனிக்கிழமை மட்டும் வெட்டிவிட்டால், விமானம் 18:50க்கே படுத்துவிடும். ஞாயிறு அது ஓடப்போகிற இரண்டாம் வரிசையையும் அன்று மட்டும் 9:40க்குத் தொடங்கினால், கிட்டத்தட்ட 15 மணி நேரம். விகிதத்தை 100க்கு மேல் தூக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் பலர் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். சரியாக 100 இருந்தால் சரிவு நிற்கும், அவ்வளவுதான். 71இல் இருப்பது 71இலேயே இருக்கும். ஏற வேண்டுமென்றால் 100ஐத் தாண்ட வேண்டும். நோயாளி இரண்டுக்கும் ஒரு மாதத்துக்கு 130 அளவில் கொடுங்கள். ஆரோக்கியமான விமானத்துக்கு 105இலிருந்து 110 போதும். 160 வைத்திருப்பவர் விமானம் வாங்கிக் கண்காட்சி வைத்திருக்கிறார். வயது ஏற ஏறப் பராமரிப்புத் தேவையும் ஏறும். இன்று 101 என்றிருக்கிற அட்டவணை, யாரும் தொடாமலேயே சில மாதத்தில் 98 ஆகிவிடும். மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இரவு எங்கே தங்குவது என்பதில் நான் பட்ட பாடு ஒன்று. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு விமானத்தைக் கேப் டவுனில் இரவு தங்க வைத்திருந்தேன். காலை முதல் நடை அங்கிருந்து கிளம்பினால் வருமானம் நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு. ஜூன் மாதம், விடிவதற்கு முன் இருட்டு. மெக்கானிக் டார்ச் அடித்துச் சுற்றி வரும்போது முன்சக்கர டயரில் விரல் நுழைகிற வெட்டு. படிக்கிற விளக்கு எரியவில்லை என்றால் எழுதி வைத்துவிட்டுப் பறக்கலாம், டயர் வெட்டுக்கு அது செல்லாது. மாற்றுச் சக்கரம் கேப் டவுனில் ஒன்று இருந்தது, முந்தாநாள்வரை. அதை வேறொரு விமானத்துக்கு மாட்டிவிட்டு, பதிலுக்கு ஒன்று அனுப்பச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஜோபர்க்கிலிருந்து முதல் விமானத்தின் வயிற்றில் சக்கரம் வந்து சேர எட்டேகால். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த விமானத்தின் அன்றைய நாள் குலைந்து, நான்கு நடை போயிற்று. என் மேலாளர் திட்டவில்லை. என் கட்டத்தில் கேப் டவுன் இரவை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார், அது திட்டியதைவிட மோசம். உங்கள் ஆட்டத்தில் எந்த ஊரிலும் பராமரிப்பு நடக்குமென்றால் இது பொருந்தாது. ஆனால் தளத்தில் மட்டும்தான் முழுப் பராமரிப்பு என்று விதி இருந்தால், வெளியூர் இரவு ஒவ்வொன்றும் விகிதத்தில் பூஜ்யம்.

பெரிய செக், அதாவது கெடு வைத்துச் செய்கிற பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சீக்கிரமே கேட்பீர்கள். நிஜத்தில் ஏ செக் சில நூறு பறப்பு மணிக்கு ஒருமுறை, ஓர் இரவிலேயே முடிந்துவிடும். சி செக் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, விமானம் வாரக்கணக்கில் கையைவிட்டுப் போகும். ஆறு முதல் பத்து வருடத்தில் வருகிற பெரிய செக்கில் எலும்புக்கூடு தெரியும் அளவுக்குக் கழற்றிவிடுவார்கள். உங்கள் ஐந்து விமானமும் ஒரே வாரத்தில் வாங்கியவை. அதனால் ஐந்துக்கும் கெடு ஒரே நேரத்தில் வரும். இப்போதே ஒன்றைக் கெடுவுக்கு முன்பே அனுப்பி அந்த ஒரே கெடுவைக் கலைத்துவிடுங்கள். கொஞ்சம் காசு வீண்தான். ஐந்தும் டிசம்பரில் சேர்ந்து ஹேங்கரில் கிடப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் இல்லை. நம் ஊரில் டிசம்பரையும் ஈஸ்டரையும் தொடாமல் பிப்ரவரி, மே என்று பார்த்து அனுப்புவது வழக்கம்.

அடுத்து ஏ330 என்கிற பெரிய விமானம் ஒன்று வாங்கி லண்டன் போகப்போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நீண்ட நடையில் கணக்கே வேறு. ஜோபர்க்கிலிருந்து 11 மணி நேரம், நாளுக்கு அதிகம் போனால் இரண்டே இறக்கம், தேய்மானம் குறைவு. டர்பனிலிருந்து என்றால் உயரம் தொல்லை தராது. ஜோபர்க்கிலிருந்து என்றால் அதன் விமான நிலையமான ஓ.ஆர். தாம்போ கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. கோடை மதிய வெயிலில் முழுச் சுமையோடு எழும்புவது கஷ்டம். அங்கே 4.4 கிலோமீட்டர் ஓடுபாதை வைத்திருப்பது சும்மா இல்லை. நீண்ட தூர விமானங்கள் குளிர்ந்த மாலையில் கிளம்புவது எடைக்கும் நல்லது, தூங்கிக்கொண்டே போகலாம் என்பதால் பயணிக்கும் பிடிக்கும். மாலை கிளம்பினால் காலை லண்டன். அங்கே உடனே திருப்பிவிட்டால் பகலெல்லாம் பறந்து இரவில் ஜோபர்க்கில் இறங்கும், யாருக்கு வேண்டும்? அதனால் பகல் முழுக்க லண்டன் ஹீத்ரோவில் நிறுத்திவைத்து மறுபடி மாலையில் கிளப்புவது இந்தத் தடத்தில் ரொம்ப நாள் நடந்த விஷயம். அத்தனை பெரிய விமானம் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு பக்கமும் இரவுப் பயணம் விற்க அதுதான் விலை. ஆனால் இப்படி ஓட்டினால் ஒரு விமானத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் டர்பனிலிருந்தோ ஜோபர்க்கிலிருந்தோ கிளம்ப முடியும். தினசரி சேவை வேண்டுமென்றால் இரண்டு வாங்க வேண்டும். அதற்குக் காசு சேரும்வரை ஏ330ஐ மறந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மூன்று நாளைக்கு முன்பே நடைகள் பூட்டிக்கொள்ளும் என்று சொன்னீர்கள். ஏற்கெனவே விற்ற டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், அவை ஓடட்டும். இன்றிரவே இரண்டு மொரிஷியஸ் இரவு நடைகளையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். பூட்டு முடிகிற நாளிலிருந்து நோயாளி விமானங்களில் முதலாவதை இரண்டு நாள் முழுக்க நிறுத்துங்கள், அது எழுந்த பிறகு இரண்டாவதை. ஒரே நாளில் இரண்டையும் நிறுத்தினால் ஜோபர்க் நடைகளுக்கு விமானம் போதாது. மின்சாரம் போய்விட்டால் போனிலிருந்தாவது அந்த இரண்டு இரவு நடையை எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.